சரக்கு, நாற்பத்தைந்து கிலோ

படகு என்னுடையது.
பதினான்கடி அலுமினியம், இடப்பக்கம்
போன கோடையில் மரக்கட்டையில் மோதிய நெளிவு.
ஸ்டாவ்ரோஸின் படகும் அதே நீளம் என்பதால்
இரண்டையும் சேர்த்துக் கட்டிப்
பலகை பரப்பி, வாழை நிறுத்தி,
திராட்சைத் தோட்டத்துக் கம்பியை வளைத்து
சீரியல் விளக்கு சுற்றினார்கள்.
ரென்மார்க்கில் படகு லைசென்ஸ் உள்ள தமிழர்
நான் ஒருத்திதான்.
கோயில் கமிட்டிக்கு வேறு வழி இல்லை.

மூன்று நாள் தேய்த்தேன்.
சோப்பு, எலுமிச்சை, கடைசியில் மஞ்சள்நீர்.
அடித்தட்டின் ஆணி இடுக்கில்
ஒரு செதில் மட்டும் வரவில்லை.
போன ஞாயிறு பிடித்த கெண்டையுடையது.
குருக்கள் கேட்கவில்லை.
நான் சொல்லவில்லை.

தைப்பூசம். நாற்பத்து மூன்று டிகிரி.
எங்கும் தீ மூட்டத் தடை.
கற்பூரமும் தீதான் என்று
ஃபோன் எடுத்த பெண்
மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சொன்னாள்.
பாட்டரிச் சுடரை மூன்று முறை சுற்றினார் சபேச குருக்கள்,
பூணூலுக்கு மேல் ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டோடு.
வள்ளி, தெய்வானை, நடுவில் அவன்.
அவர்களுக்கு ஜாக்கெட் இல்லை.
படிவத்தில் நான்தான் எழுதினேன்:
ஆட்கள், நான்கு. சரக்கு, நாற்பத்தைந்து கிலோ.
எழுதிவிட்டுப் பேனாவை மூடாமல்
கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன்.

முருகனைச் சுருக்கித்தான் முர்ரே ஆறு என்று
கரையில் ஒரு பொடியன் மைக்கில் சொல்ல,
சிரிப்பு. அரோகரா.
முதல் சுற்று நல்லபடி முடிந்தது.

இரண்டாவதில் பாசி சிக்கி
என்ஜின் நின்றது.
நாதஸ்வரம் இருந்த ஃபோன் கரையில்;
எங்கள் ஸ்பீக்கர் இரண்டு தரம் விக்கிவிட்டு
அதுவும் நின்றது.
ஆற்றின் போக்கில், பாலத்தைப் பார்த்துத்
தெப்பம் தானாகப் போகத் தொடங்கியது.
ஸ்டாவ்ரோஸ் கிரேக்க மொழியில் ஏதோ முணுமுணுத்தார்.
குருக்கள் என்னைப் பார்த்தார்.
நான் தண்ணீரைப் பார்த்தேன்.

விளக்கு வெளிச்சத்துக்கு மேலே வந்திருந்தன.
கெண்டைகள். ஐம்பது, அறுபது.
எங்கிருந்தோ யாரோ கொண்டுவந்து விட்டவை,
பிடித்தால் ஆற்றில் திருப்பி விடக்கூடாதவை,
ஆற்றைக் கலக்குவதாகப் பத்திரிகை திட்டுபவை.
மாலையிலிருந்து உதிர்ந்த சாமந்தி இதழ்களை
விழுங்கி, துப்பி, மறுபடி விழுங்கின.

குருக்கள் குனிந்தார், ஜாக்கெட்டின் விசில் தொங்க.
"உங்களைத் தெரிந்தவர்கள் போல இருக்கே"
என்றார். குரலைத் தாழ்த்தவும் இல்லை.
நைவேத்தியத் தட்டிலிருந்து ஒரு பிடி அவல் எடுத்து
தண்ணீரில் போட்டார்.

முழங்கை வரை கைவிட்டுப் பாசியை இழுத்தேன்.
வழவழப்பாக ஏதோ விரலை உரசிப் போனது.
நான்காவது இழுப்பில் என்ஜின் பிடித்தது.
மூன்றாம் சுற்றும் ஓட்டினேன்,
கொஞ்சம் மெதுவாகவே.

செதில் அங்கேதான் இருந்தது,
அவன் பாதத்திலிருந்து ஒரு சாண் தள்ளி,
விளக்கு மாறும்போதெல்லாம்
பச்சையாக, பிறகு சிவப்பாக.