பத்து மணிக்குப் பிறகு

பத்து மணிக்குப் பிறகு
குழாய்த் தண்ணீர்கூடச் சத்தமின்றி ஓட வேண்டிய வீடு எங்களது.
ஒல்ற்றன் நகரம், மூன்றாம் மாடி, தண்டவாளத்தின் ஓரம்.
ரயில் சத்தம் போடலாம்.
நாங்கள் போடக்கூடாது.

போன நத்தாருக்குக் கதவிடுக்கில் ஒரு கடிதம் கிடந்தது.
கோபமில்லாத, மரியாதையான எழுத்து.
அதுதான் கூடச் சுட்டது.

ஆகையால் இம்முறை
நடுச்சாமப் பூசை முடிந்து வந்த பதினேழு பேரும்
சப்பாத்துகளைக் கையில் தூக்கிக்கொண்டு
கள்ளரைப்போல் மாடியேறினோம்.
றெஜினா மச்சாள் கோப்பைகளுக்கு நடுவே
துவாய்த் துண்டு வைத்திருந்தாள், முட்டிச் சத்தம் வராமலிருக்க.
அகப்பைகள் எல்லாம் மரம்.
கிடாய்க்கறி மட்டும்
யாருடைய சட்டத்துக்கும் அடங்காமல்
படிக்கட்டு முழுக்கப் பேசிக்கொண்டிருந்தது.

மேசை என்பது
எங்கள் மேசை, இரவல் வாங்கிய மடக்கு மேசை,
பிறகு, ஒரு விரல் உயரம் கூடிய
உடுப்பு மினுக்கும் பலகை.
மூன்றையும் ஒரே வெள்ளைத் துணி மூடியது.
எங்கே பள்ளமென்று வீட்டுக்காரருக்குத் தெரியும்.

பள்ளம் என்றால் என் தமையன் இலாசர்.
சீட்டுக் காசு. நாலாயிரம் பிராங்.
கட்டிவிட்டேன் என்றார் அவர்.
வரவில்லை என்றார் சீட்டுப் பிடித்த என் புருசன்.
இரண்டு வருடமாய்க் கோயிலில்
ஒருவருக்கு முன்வாங்கு, மற்றவருக்குக் கடைசி வாங்கு.
சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரம் பார்த்து
இருவருக்கும் சப்பாத்துக் கயிறு அவிழ்ந்துவிடும்.

செபம் சொல்ல எழுந்தார் சூசைதாசன்.
ஊரில் ஒலிபெருக்கி கேட்காத குரல்.
அதை உள்ளங்கையளவுக்கு மடித்து
“பிதாவே” என்றார்,
கடவுள் பக்கத்துக் கதிரையில் இருப்பதுபோல,
காதுக்குள் சொல்வதுபோல.
ஆமெனைப் பாதியில் விழுங்கிவிட்டார்.

பாட்டும் உதட்டால்தான்.
சின்னதுகள் சிரிப்பை வாயில் அடைத்து
முகம் சிவந்து
சோபாவுக்குப் பின்னால் விழுந்தன.
பாலன் நித்திரை கொள்ளட்டும் என்று
இத்தனை வருடம் தொண்டை கிழியப் பாடியிருக்கிறோமே!

இரண்டு பத்துக்குக் கதவில் தட்டல்.
பதினேழு வாயும் நின்றன.
கீழ்வீட்டு அம்மா, வேறு யார்?
மன்னிப்பை ஜெர்மனில் அடுக்கிக்கொண்டு
என் புருசன் போய்த் திறந்தார்.

செம்மஞ்சள் ரயில்வே அங்கி.
முழங்கால்வரை பனி.
பேர்ண் பாதையில் உறைந்துபோன தண்டவாளத்துக்குச்
சூடு காட்டிவிட்டு வந்த இலாசர்.
கையில் ஒன்றுமில்லை. அதற்கு வெட்கப்பட்டு
கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார்.

நாங்கள் யாரும் அவரைக் கூப்பிடவில்லை.
என் மகள் ஆன்சலா குசினியில்
கிண்டத் தேவையில்லாத கறியைக்
கிண்டிக்கொண்டே நின்றாள்.

என் புருசன் அடுக்கிவைத்த மன்னிப்பு
வாயில் நின்றது.
அதை இனி எங்கே வைப்பதென்று தெரியாமல்
சொல்லிவிட்டார்:
“என்ட்சூல்டிகுங்.”

இலாசர் அவரையே பார்த்தார்.
ஜெர்மனில் கேட்ட மன்னிப்பு
தமிழில் செல்லுமா என்று யோசித்திருப்பார்.
பிறகு குனிந்தார்,
சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்க.
இந்த முறை உண்மையாகவே.

இருக்க இடமில்லை.
மினுக்கும் பலகைப் பக்கம்
பால் பெட்டியொன்றைக் கவிழ்த்துப் போட்டோம்.
இடியப்பம் ஆறிவிட்டது, சொதி தீர்ந்துவிட்டது.
கறிச்சட்டியை அவர் பக்கம் தள்ளியது என் புருசன்தான்,
எலும்புள்ள துண்டு மேலே வரும்படி திருப்பி.
காசைப் பற்றி யாரும் பேசவில்லை.
அது இன்னும் நாலாயிரம்தான்.

மூன்றே காலுக்கு
நீளமான சரக்கு ரயில் ஒன்று
யன்னல் கண்ணாடி அதிர எங்களைக் கடந்துபோனது.
அந்த ஒரு நிமிடமும்
எல்லோரும் ஒரேயடியாய் உரக்கப் பேசினோம்.
முன்னம் விழுங்கிய ஆமெனை
சூசைதாசன் அப்போதுதான்
முழுசாய்ச் சொன்னார்.