ஐம்பதில் முப்பத்தொன்று

தபால் கந்தோரில் அந்தப் பிள்ளை கேட்கிறா:
"உள்ளுக்க என்ன?"
கசட்.
"பாட்டா?"
இல்லை.
"பேச்சா?"
இல்லை.
"மறுகா?"
சுங்கப் படிவத்தில் சின்னப் பெட்டி.
சத்தம் என்று எழுதினேன்.
பெறுமதி என்ற இடத்தில் பேனை நின்றது.
பின்னால் வரிசை இருமியது.

இரண்டு ஒசாக்காவுக்கு. ஒன்று பேர்கனுக்கு.
ஒன்று, ஏனென்று தெரியாது,
சிலியில் ஒரு பல் வைத்தியருக்கு.
விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும்
நூற்றிருபது ரூபாய் கைநட்டம்.
நல்ல காலம், ஐம்பதோடு நிறுத்தினேன்.

கல்லடியில், டீவி திருத்தும் கடையின் பின்னறை.
பதிய இரண்டு டெக்.
ஒற்றை எண்கள் பதிகிற டெக் மெதுவாகச் சுற்றும்,
அதனால் ஒற்றை எண் பிரதிகள் எல்லாம்
கேட்கும்போது கொஞ்சம் விரையும், சுருதி ஏறும்.
ஒருவரும் முறையிட்டதில்லை.
இந்த வியாபாரத்தின் ஒரே வசதி அது.

மட்டை, காத்தான்குடி நுஸ்கியின் அச்சகத்தில்
கலியாணக் காட் வெட்டி மிஞ்சிய துண்டு.
பொன்விளிம்பு தானாகவே வந்தது.
ஒன்றின் உட்புறம் "தங்கள் நல்வரவை" என்று மட்டும் இருந்தது.
அதைத்தான் பல் வைத்தியருக்கு அனுப்பினேன்.

முதல் வெளியீடு, கறண்ட் வரும்போது
சந்தி ட்ரான்ஸ்போமர் முக்குவது.
இரண்டாவது யதுகிரியுடையது:
தையல் மெசினில் கட்டிய கிற்றார் பிக்கப்,
தைத்தது ஒரு பாடசாலைச் சட்டை, முழுதாக.
மூன்றாவது
வாழைச்சேனை ஐஸ் கொம்பனி, இரவு இரண்டு மணி.

அதற்குத்தான் சிவில் உடுப்பில் இருவர் வந்தார்கள்.
போடச் சொன்னார்கள். போட்டேன்.
முன்பக்கம் இருபத்திரண்டு நிமிடம்,
அசையாமல் இருந்து கேட்டார்கள்.
ஒருவர் குறிப்பும் எடுத்தார்.
"இதில செய்தி எங்க?"
பின்பக்கமும் போடவா என்றேன்.
இவ்வளவு கவனமான ரசிகர்கள்
எனக்கு முன்னும் பின்னும் வாய்க்கவில்லை.

லீட்ஸில் இருந்து ஒருவர் எழுதினார்:
உங்கள் ஊர்தானே,
பழைய ஷெல் சத்தம் யாரிடமாவது பதிவாக இருக்குமா,
நல்ல விலை தருவேன்.
மூன்று மாத வாடகை அந்த விலை.
இரவு முழுக்க விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.
காலையில் எழுதினேன்:
கையிருப்பில் இல்லை.

போன வியாழன்
பூபாலரத்தினம் என்றொருவர் பஸ் பிடித்து வந்தார்.
ஐஸ் கொம்பனியில் இருபத்தாறு வருசம்,
எல்லாம் இரவு முறை.
மூடி எட்டு மாதம்.
"வீட்டில கண் மூடினா நித்திரை வருகுதில்ல தம்பி,
ஒரே அமைதி."
மிஞ்சியதில் மேலே கிடந்த
முப்பத்தொன்றை எடுத்துப் போட்டேன்.

மேசையில் உள்ளங்கையை வைத்தார்,
சூடு பார்ப்பவர்போல.
தலையைச் சரித்தார்.
"மெசின் என்ட மெசின்தான்.
ஆனா ஒல்லுப்போல ஓட்டம் கூட.
இப்பிடி ஓடினா நான் நிப்பாட்டியிருப்பன்."

ஒசாக்கா சொல்லவில்லை. பேர்கன் சொல்லவில்லை.
குறிப்பெடுத்தவரும் சொல்லவில்லை.
எனக்கு வெட்கமாகவும் இருந்தது,
யாரிடமாவது ஓடிப்போய்ச் சொல்லவேண்டும்போலவும் இருந்தது.

புதிய நாடாவை நல்ல டெக்கில் போட்டு
பெரிய ஸ்பீக்கரைத் திறந்துவிட்டேன்.
அடுத்த கடைக்காரர் சுவரில் தட்டினார்.
தட்டட்டும்.

பின்பக்கம் திருப்பும் நேரம் பார்த்தால்
பிளாஸ்டிக் கதிரையில்
வாய் திறந்தபடி நித்திரை.
வாழைச்சேனைக்குக் கடைசி பஸ் ஆறரைக்கு.
நிறுத்தினால் எழும்பிவிடுவார்.

முப்பத்திரண்டையும் போட்டேன்.