ஆறு மில்லிமீட்டர்

மேசையில் இரண்டு கிராங்க்.
பஞ்சிகாவத்தை இம்தியாஸ் நானா நம்பிக் கொடுத்தது.
சனிக்கிழமைக்குள் ஒன்று திரும்பிப் போக வேண்டும்,
மற்றதற்குக் காசு.
ஒன்றின் வீச்சு எழுபத்தேழு, மற்றது எண்பத்து மூன்று.
நடுவில் ஆறு மில்லிமீட்டர்,
மரியசீலனின் சீட்டு, என் இரண்டு மாத வாடகை.

ஹட்டனில் மூன்று நாளாய் மழை.
தகரத்தின் கீழ் கத்தித்தான் கதைக்கிறோம்.

"பெருச போடுங்கக்கா.
நானுஓயா தாண்டுனா மூச்சு வாங்குது வண்டி.
வளைவ விட்டு வெளிய வாறப்போ
எவனோ பின்னால புடிச்சு இழுக்குற மாதிரி."

பொய்யில்லை.
அந்த உயரத்தில் காற்றே ஐந்தில் ஒரு பங்கு குறைவு.
வீச்சு நீண்டால் இழுவை கூடும்.
அதுவரைக்கும் கணக்கு அவன் பக்கம்.

பிஸ்கட் பெட்டி அட்டையில்
சிலிண்டர் விட்டத்தை எழுதுகிறேன்: எண்பத்தொன்று.
பெருக்கி, நாலால் பெருக்கி,
ஆயிரத்து எழுநூற்றுப் பத்து.
ஆயிரத்து அறுநூறைத் தாண்டினால்
இரண்டு லீட்டர் டர்போக்களின் வரிசையில் நிற்க வேண்டும்,
டயரை மாற்றவே ஆள் வைத்திருப்பவர்களோடு.

"யாரு தொறந்து பாக்கப் போறா?"
"ஜெயிச்சா தொறப்பாங்க."

மழை கொஞ்சம் விட்டது போலிருந்தது.
விடவில்லை.

எண்பத்து மூன்றைக் கயிற்றில் தொங்கவிட்டு
சின்னச் சுத்தியலால் தட்டினேன்.
நீளமாக ஒலித்தது.
ஒலி அடங்கும்வரை அவன் கண் அதிலேயே.
விரிசல் இருந்திருந்தால் எனக்குச் சுலபம்.
ஒரு குறையும் இல்லாத இரும்பு,
எங்களுக்கு ஆகாத இரும்பு.

எழுபத்தேழும் அடித்து வார்த்ததல்ல, அடித்துச் செய்ததுதான்.
எதிரெடைகளின் விளிம்பைக் கத்தியாய்ச் சீவியிருக்கிறார்கள்,
கழற்றிய பழையதைவிட ஒன்றேகால் கிலோ குறைவு.
இழுக்காது, சுற்றும்.
எட்டாயிரத்துக்கு மேலும் சுற்றும்,
இவன் இரண்டாம் கியரை விடாமல் பிடித்தால்.

"புடிப்பியா?"
பதிலில்லை.
எண்பத்து மூன்றுக்கு எண்ணெய் பூசினான்,
மெழுகுத்தாளில் சுற்றினான்,
பெட்டியின் மேல் முகவரி எழுதினான்.
கடை இலக்கத்தை இரண்டு தரம் வெட்டித் திருத்தினான்.

அவன் ரயிலடிக்குப் போன பிறகு
பெயரிங் மூடிக்குக் கீழே பச்சை மெழுகு நூலை வைத்து
முறுக்கி, மறுபடி கழற்றி,
நசுங்கிய அகலத்தை டோர்ச் வெளிச்சத்தில் பார்க்கிறேன்.
நூறில் ஐந்து இருக்க வேண்டும்.
மூன்றாவதில் மட்டும் நூறில் ஆறு.

மில்லிமீட்டர் ஆறை ரயிலேற்றியவள்
நூறில் ஒன்றுக்காக
இன்னொரு தரம் கழற்றுகிறேன்.