பயந்தால் அழுத்தவும்

அடித்தளம் இரண்டில் இரவுப்பணி.
மேலே பெங்களூரில் மழையா இல்லையா என்பதை
வருகிறவர்களின் செருப்புதான் எனக்குச் சொல்லும்.
உடம்பில் உலோகம் உண்டா என்று
ராத்திரிக்கு ஒன்பது பேரிடமாவது கேட்பேன்.
மூக்குத்தி, அரைஞாண், ஊக்கு.
ஒருமுறை ஒருவர் தொடையில் பழைய துப்பாக்கி ரவை.

சென்னகேசவய்யா சட்டைப்பையில் கைவிட்டு
ஒரு விசிலை எடுத்து வைத்தார்.
முப்பத்தோரு வருஷம் சிட்டி பஸ் கண்டக்டர்,
ஓய்வுபெற்று ஏழு.
"இதையுமா?"
இதையும்தான் ஐயா. உள்ளே இருப்பது காந்தம்.

படிவத்தில் மருமகள் எழுதியிருந்தாள்:
மறதி. தனக்குத்தானே பேசுகிறார்.
எட்டிப் பார்த்துத் திருத்தினார்:
தனக்குத்தானே இல்லை,
ஏறினவங்களோட.

தலையைக் கூண்டில் பொருத்தி
கையில் ரப்பர் குமிழைத் திணித்தேன்.
அசையக் கூடாது. பயந்தால் அழுத்துங்கள்.

முதல் வரிசைப் படம் முடியுமுன் மணி.
மைக்கைத் திறந்தேன். மூச்சு முட்டுகிறதா?
"இத்தீரா அம்மா?"
இருக்கீங்களா. அவ்வளவுதான் கேள்வி.
இத்தீனி, என்றேன்.
ஓசூரில் பிறந்தவளின் கன்னடம் அதற்குப் போதும்.

ஆறு நிமிஷத்தில் மறுபடி.
இத்தீனி.
அழுத்தும்போதெல்லாம் தலை அசைந்து படம் கலங்கியது,
எடுத்ததையே எடுத்தேன்.
இருபத்திரண்டு நிமிஷ வேலை ஐம்பதைத் தாண்டியது.
வெளியே அடுத்தவர் கொட்டாவி விட்டார்.
நாலாம் முறை மணிக்கு முன்பே சொல்லிவிட்டேன்.
அப்புறம் அவர் அழுத்தவே இல்லை.

திரையில் அவர் மண்டை வில்லை வில்லையாக வந்தது,
குறுக்கே அரிந்த முட்டைக்கோஸ் போல.
எல்லோருக்கும் ஒரே சாம்பல்.
இதில் எந்த மடிப்பில் உட்கார்ந்திருக்கிறான்
கெங்கேரி வந்ததும் தட்டி எழுப்பவேண்டிய பையன்?
சில்லறை இல்லாமல்
டிக்கெட் முதுகில் ஆறு ரூபாய் பாக்கி எழுதித் தந்தாரே,
வாங்காமலே இறங்கிப்போன அந்தப் பூக்காரி எதில்?
முந்தெ ஹோகி, முந்தெ ஹோகி என்று
முப்பத்தோரு வருஷம் தள்ளிய கூட்டம்
கடைசியில் இவ்வளவு சின்ன வண்டியிலா நெரிகிறது.

காலையில் டாக்டர் எழுதுவார்:
வயதுக்கேற்ற சுருக்கம்.
எழுதட்டும். அதுவும் உண்மைதான்.

புது மெஷின் வந்தபோது சோதனைக்காக
என் தலையையும் ஒருமுறை எடுத்தார்கள்.
முப்பத்திநாலு வயது. சுத்தமாக இருக்கிறது என்றார்கள்.
காலி அறையைப் பார்த்தாலும் அதே சொல்தான்
வாயில் வரும் நமக்கு.
என் பேட்ஜில் வல்லி என்று மட்டும் இருக்கும்;
செண்பகத்துக்கு இடம் பத்தவில்லை.
யாரும் கேட்டதுமில்லை.

விசிலை வாங்கிக்கொண்டார்.
சட்டை நுனியில் துடைத்தார்.
ஊதுவார் என்று நினைத்தேன், ஊதவில்லை.
பையில் போட்டு, போட்ட இடத்தைத் தொட்டுப்பார்த்து,
லிஃப்டுக்குள் மருமகளுக்கு முன்னால் வழிவிட்டு நின்றார்.

ஏஜிபுராவில் என் அறைச்சுவருக்கு அப்பால்
பதினாலு மாதமாக ஒரு குக்கர் குடியிருக்கிறது.
காலை ஆறே முக்காலுக்கு மூன்று விசில்.
மூன்றாவதில் எனக்குத் தூக்கம் வரும்.
இன்று இரண்டோடு நின்றது.

புரண்டு படுத்தேன். போர்வையை இழுத்தேன்.
எண்ணிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று
கண்ணுக்குப் பின்னால் உட்கார்ந்தே இருந்தது,
மீதிச் சில்லறைக்கு நிற்பவளைப் போல.

விரலை மடக்கிச் சுவரில் இரண்டு தட்டு.
ஒன்றுமில்லை.
தண்ணீர் லாரி ஒன்று தெருவை அடைத்துக்கொண்டு போனது.
பிறகு அந்தப் பக்கமிருந்து
இரண்டு.

கேஸ் தீர்ந்துவிட்டது என்றது பெண்குரல்,
எங்கள் இருவருக்குமே சொந்தமில்லாத இந்தியில்.
என்ன தோன்றியதோ அவளுக்கு,
நீங்க நல்லாத்தானே இருக்கீங்க, என்று கேட்டாள்.

பதிலுக்குப் பெயர் கேட்டேன்.
ஜுன், என்றாள்; மீதியைச் சுவர் தின்றுவிட்டது.
காதை வைத்துக்கொண்டு
இன்னொரு தடவை சொல்லுங்க, என்றேன்.