பதினோரு நிமிடம் நாற்பது விநாடி

ஆட்டத்துக்கு முன்னால் ஆர்விஸ்
மேல்வரிசைப் பல் நான்கையும் கழற்றி
பேப்பர் கப்பில் போட்டு என்னிடம் நீட்டுவான்.
கரக் டீ குடித்த கப்.
அடியில் ஏலக்காய் வாசனை இன்னும் இருக்கும்.
அவனுக்கு அது பிடிக்கும் என்று நினைக்கிறேன்,
கேட்டதில்லை.

அல் அய்னில் ஐஸ் அரங்கு இருக்கிறது என்று
எங்கள் அறையில் யாரும் முதலில் நம்பவில்லை.
வெளியே நாற்பத்தாறு டிகிரி.
உள்ளே நான் குல்லாய் மாட்டிக்கொண்டு
ஸ்கேட்டுக்குச் சாணை பிடிக்கிறேன்.
ஒரு தகட்டில் இரண்டு விளிம்பு,
நடுவில் வாய்க்கால் மாதிரி ஒரு குழி.
ஆழம் கூடினால் ஐஸைக் கடிக்கும்.
குறைந்தால் வழுக்கிக்கொண்டு போகும்.
நகத்தில் இழுத்துப் பார்ப்பேன்,
வெள்ளையாக ஒரு சுருள் வந்தால் சரி.
"எந்த ஊர் மெஷினையும்விட உன் நகம் மேல்"
என்றான் ஒருநாள்.
அதற்காகச் சம்பளம் ஏறவில்லை.

பதினெட்டு வருஷம், பதினோரு கிளப்.
லாட்வியாவில் தொடங்கி
என் வாயில் நுழையாத ஊர்கள்.
டிசம்பரில் காண்ட்ராக்ட், பிப்ரவரியில் கேன்சல்.
முழங்கால் முறிந்த மறுநாள்
ஹோட்டல் கதவுக்கு அடியில் ஒரு காகிதம் வந்ததாம்.
அதைச் சொன்னபோது
ஐஸ் வண்டி ஓட்டும் தில்தார்கான்
"எனக்கு வாட்ஸப்பில் வந்தது" என்றான்.
மூன்று பேரும் சிரித்தோம்.

பெரிய லீகில், அமெரிக்காவில்,
அவன் ஆடியது இரண்டே ஆட்டம்.
யாருக்கோ காய்ச்சல் என்று கூப்பிட்டார்கள்.
மொத்தமாக ஐஸில் நின்றது
பதினோரு நிமிடம் நாற்பது விநாடி.
அந்தக் கறுப்பு வட்டு
அவன் மட்டையில் பட்டது ஆறு தடவை.
ஆறையும் சொல்வான்:
எந்த மூலை, யார் தந்தது, எங்கே போனது.
ஆறாவது, கோல் கம்பியில் பட்டு வெளியே வந்தது.
அந்த ஓசையை நாக்கால் தட்டிக் காட்டுவான்.
பல் இல்லாதபோது அது
இன்னும் சரியாக வருகிறது.

இங்கே சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பயிற்சி,
வியாழன் இரவு லீக் ஆட்டம்.
எதிரணியில் ஒரு பைலட், ஒரு பல் டாக்டர்,
எண்ணெய்க் கம்பெனிக் கனடாக்காரர்கள்,
கந்தூராவை மடித்து வைத்துவிட்டுக்
கவசம் மாட்டும் எமிராத்திப் பையன்கள்.
அதில் ஹுமைத் என்பவன் வேகம்.
போன வியாழன் ஆர்விஸைத் தாண்டிப் போனான்.
ஆர்விஸின் மட்டை அவன் காலில் மாட்டியது.
விசில்.

பெனால்டி பெட்டிக் கதவைத் திறந்து மூடுவதும்
என் வேலைதான். இரண்டு நிமிடம்.
மூச்சு வாங்கியபடி உட்கார்ந்தான்.
"நான் செய்யவில்லை ஜெபா, கை செய்தது.
பிடிக்க முடியாது என்று
அதற்கு முதலில் தெரிந்துவிட்டது."
நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.
கடைசிப் பத்து விநாடியில் எப்போதும்
எழுந்து கதவில் சாய்ந்து நிற்பவன்,
பூஜ்யம் வந்து, நான் கதவைத் திறந்தும்
உட்கார்ந்தே இருந்தான்.
ஒன்று. இரண்டு. மூன்று.
பிறகு போனான். விசில் ஊதும்வரை ஓடினான்.
நாலுக்கு ஒன்று, தோல்வி.

வண்டி சுரண்டியெடுத்த ஐஸ்தூளைப்
பின்வாசலில் கொட்டுவோம்.
அன்றைய கோடுகள் எல்லாம் அதில்தான்.
இருபது நிமிஷத்தில் தண்ணீர்,
ஒரு மணியில் அதுவும் இல்லை.
நேரம் தெரிந்த பூனைகள்
முன்கூட்டியே வந்து காத்திருக்கும்.

அந்தக் குவியலில் வலது முழங்காலைப் புதைத்து
டவலோடு உட்கார்ந்திருந்தான்.
"நாளையிலிருந்து என் ஸ்கேட்டுக்கு
ஆழம் குறைத்துப் பிடி. இனிப் பிள்ளைகளோடு மட்டும்தான்."
எவ்வளவு குறைக்க என்று கேட்டேன்.
"வழுக்கிக்கொண்டு போகிற அளவுக்கு."
பல் கிடந்த கப்பை நீட்டினேன்.
இரு என்று கை காட்டினான்.
சாம்பல் பூனை ஒன்று
அவன் முழங்கால் ஓரமாக
நக்கிக்கொண்டிருந்தது.