பாதி மறைவு

பாயான் லெப்பாஸ், நான்காம் மாடி, இரவு ஷிப்ட்.
ஜோர்ஜ் டவுனில் பகலெல்லாம்
ஓட்ட ஆளில்லாமல் ஓடிப் பழகும் குட்டி பஸ்
பார்த்ததையெல்லாம் கொண்டுவந்து
என் திரையில் கொட்டுகிறது.
அதற்குக் கண் பதினொன்று.
எதற்கும் பெயர்தான் தெரியாது.

நான் பெட்டி வரைகிறேன்.
மோட்டார். லோரி. நாய், படுத்திருக்கிறது.
எதிர்த்திசையில் வரும் மோட்டார்;
இதற்கென்றே தனி நிறம் கொடுத்திருக்கிறார்கள்.
தைப்பூசத்துக்கு மறுநாள்
ரோடெல்லாம் கிடந்த தேங்காய்ச் சில்லை
என்னவென்று குறிப்பது?
மூன்று நாள் மீட்டிங்.
முடிவு: தடை அல்ல, மெதுவாகப் போ.

ஒரு படத்துக்கு எட்டு விநாடி.
முகங்களை முன்பே அழித்துத்தான் அனுப்புவார்கள்.
ஈர விரலால் தேய்த்த மாதிரி
ஒவ்வொரு கழுத்துக்கு மேலும் ஒரு வட்டம்.

லெபு சூலியா. மழை விட்ட நேரம்.
தூணுக்குப் பின்னாலிருந்து ஓர் ஆள் இறங்குகிறான்,
இடது தோள் தாழ்ந்து,
தே ஓ ஐஸ் பையைக் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு.
கட்டைவிரலில் யார் மாட்டுவார்கள்?

தரணி மாட்டுவான்.
பட்டர்வொர்த்தில் விழுந்து காலில் கம்பி வைத்ததிலிருந்து
தோளும் அப்படித்தான்.
ஜொகூரில் வேலை என்று கிளம்பினான்.
நம்பர் மாறி இரண்டு தீபாவளி.
பிறையில் எங்கள் வீடு.
பாலம் தாண்டினால் அரை மணி நேரம்.
அவ்வளவுதானாடா போயிருக்கிறாய்?

அடுத்த படம். அதற்கடுத்தது.
பஸ் அவனுக்காக நிற்கிறது,
நாலரை விநாடி.
பாதி ரோட்டில் அவன் கை தூக்குகிறான்,
ஓட்டுநர் இருக்கவேண்டிய கண்ணாடியைப் பார்த்து.
அண்ணன் மரியாதை தெரிந்தவன்தான்.
அங்கே யாருமில்லை.
பதினொரு கண்ணுக்கும் பின்னால்
ஒரு வாரம் கழித்து
நான் இருக்கிறேன்.

சுவீ லிங் மெசேஜ் அனுப்புகிறாள்:
நாலு நிமிடமாக ஒரே படமா?

வரைகிறேன்.
வகை: மனிதர். நிலை: நடக்கிறார்.
மறைவு: பாதி.
அவ்வளவுதான் கேட்கிறது, அதற்குமேல் கட்டமில்லை.

பிறகு ஒரு மீன் லோரி குறுக்கே வந்து நிற்கிறது.
விதி ஒன்பது சொல்கிறது:
ஆள் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும்
அங்கே இருப்பது உறுதி என்றால்
பெட்டியை விடாதே, தொடர்ந்து வரை.

லோரியின் நீலத் தகரத்தின்மேல்
ஒன்று, இரண்டு, பதினேழு
காலிப் பெட்டிகள், அவன் உயரத்துக்கு,
இடது பக்கம் கொஞ்சம் தாழ்த்தி.

லோரி போய்விட்டது.
அஞ்சடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மட்டும்.
பதினெட்டு.