மூழ்கியவனின் நிறம்

காலை நான்கு மணிக்கு
முதல் மெர்லூசாவின் வயிற்றைத் திறக்கும் என் கத்தி.
மேலே குன்றுகளில் வால்பரைசோ
வீட்டுக்கொரு சாயம் பூசிக்கொண்டு
இன்னும் தூங்கும்.
இந்த மீன்துறையில் எனக்குப் பத்தொன்பது வருஷம்.
நகக்கண்ணில் செதில் குடியிருக்கிறது
வாடகை தராமல்.

மாலை ஏழு மணிக்கு
மருந்துக்கடை மாடியில் மேக்கப் வகுப்பு.
பதினைந்து பேர் படிக்கிறோம்.
ஒருவர் முகத்தில் ஒருவர் வரையுங்கள் என்றால்
ஏழு ஜோடியும் நெலிதாவும்.
யாரும் எதுவும் சொன்னதில்லை.
மூக்குகள் சொல்லின.
எலுமிச்சை தேய்த்தேன். காப்பித்தூள் தேய்த்தேன்.
ஒருநாள் ப்ளீச்சிங் பவுடர்.
தோல் போயிற்று, வாடை இருந்தது.

அதனால் என் இடது முன்கைதான்
எனக்கு முதல் வாடிக்கையாளர்.
அதில் ஒரு கண் வரைந்தேன்.
அது என்னை நம்பாமல் பார்த்தது.

துறைமுகத் தெரு நாடக அரங்கில்
ஒப்பனைக்கு ஆள் தேடுகிறார்கள் என்றார்கள்.
போனேன். வாசலில் குனிந்து
ஷூவுக்குக் கயிறு கட்டுவதுபோல் நேரம் கடத்தினேன்.
என் கால்களில் இருந்தது ரப்பர் பூட்ஸ்.
திரும்பிவிட்டேன்.
மறுநாளும் அதே வாசல், அதே இல்லாத கயிறு.

உள்ளே ஒருத்தி இருக்கிறாள்,
என் குரலிலேயே பேசுவாள்:
"மீன் அறுத்த கையைக் கன்னத்தில் வாங்கிக்கொள்ள
யாருக்கடி கிறுக்கு?"
நியாயமான கேள்வி.
பதில் கிடைக்காமலே
மூன்றாம் நாள் படியேறினேன்.
அவளும் கூடவே வந்தாள்.
பஸ்ஸில் ஒரு டிக்கெட்தான் எடுத்திருந்தேன்.

நாற்காலியில் பால்தசார், பருத்த நடிகர்.
கடலில் இரண்டு நாள் கிடந்தபின் எழுந்துவந்து
மனைவியிடம் வீட்டுச்சாவி கேட்பவன் வேஷம்.
எனக்கு முன் வந்த மூவரும்
அவரை வெள்ளையடித்து, உதட்டில் நீலம் தீட்டினார்கள்.
மூன்று தடவையும் துடைக்கச் சொன்னாள்
இயக்குநர் ஒதிலியா.
"உனக்கு நாற்பது நிமிஷம்."

பிரஷ் நடுங்கியது. கீழே வைத்துவிட்டு
விரலால் தொட்டேன், தாடைக்குக் கீழே,
மீனென்றால் செவுள் இருக்குமிடம்.
அங்கிருந்து எனக்கு வழி தெரியும்.

சாவு வெள்ளை இல்லை.
ஐஸ் மேல் இரண்டாம் நாள் மீனைப் பார்த்திருக்கிறீர்களா?
முதலில் சிவப்பு கிளம்பிப் போகும்,
சொல்லிக்கொள்ளாமல்.
பிறகு ஒரு சாம்பல். சாம்பலுக்கு அடியில்
பழைய செப்புக்காசின் பச்சை.
கண்ணோரம் பால் திரிந்தாற்போல்.
அடிவயிற்றில் மட்டும் கொஞ்சம் மஞ்சள்
போக மனசில்லாமல் தங்கியிருக்கும்.
அந்த மஞ்சளை அவர் மூக்கோரம் வைத்தேன்.
உதட்டுக்கு நிறமே கொடுக்கவில்லை.
உதட்டை எடுத்துவிட்டேன்.

மூடிய கண்ணோடு பால்தசார் மூச்சை இழுத்தார்,
ஒருமுறை, இன்னொருமுறை.
என் காதெல்லாம் எரிந்தது.
"கடல் வாடை அடிக்குதே," என்றார்.
"கழுவிடாதே. சாகறதுக்கு வசதியா இருக்கு."

ஒதிலியா விளக்கைக் குறைத்துப் பார்த்தாள், கூட்டிப் பார்த்தாள்.
சொல்லியனுப்புகிறோம் என்றாள்.
அவள் கையில் காப்பி ஆறிப்போயிருந்தது.
அதை மட்டும் நினைத்துக்கொண்டு இறங்கினேன்.

வெள்ளிக்கிழமை, முழங்கைவரை ரத்தம்.
போன் அடித்தபோது
பக்கத்துக் கடை ஓஸ்வால்தோ
என் காதில் வைத்துப் பிடித்தான்.
பதினோரு காட்சிகளாம்.
பதினோரு தடவை அந்த மனிதர் மூழ்க வேண்டும்,
என் விரல்களுக்குக் கீழே.

உள்ளே இருப்பவள் விடவில்லை:
"செத்தவன் சரி.
கல்யாணப் பெண் வந்து உட்கார்ந்தால்?"

வரட்டும் என்றேன்.
சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.
யார் வருவதென்று
ஓஸ்வால்தோ திரும்பிப் பார்த்தான்.